வெற்றுக் குப்பியில் கண்ட வெளிச்சம்

ஷைலஜா அந்தக் கருவியைக் கட்டி முடிக்க மூன்று வருஷம் பிடித்தது. பார்த்தால் பெரிய பிரஷர் குக்கர் ஒன்றைக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்ததுபோல இருக்கும். உள்ளே வெளிச்சம் புகாத சின்ன அறை. அதன் நடுவில் விரல் உயரக் கண்ணாடிக் குப்பி நிற்க ஓர் இடம். குப்பிக்கு இடப்பக்கம் ஒளியை உணரும் மின்னணுச் சில்லு ஒன்று, வலப்பக்கம் இன்னொன்று, ஒன்றையொன்று பார்த்தபடி. தண்ணீரில் கதிரியக்கம் இருந்தால், அதோடு சேர்க்கும் திரவம் மனிதக் கண்ணுக்கு எட்டாத அளவில் மினுங்கும். அந்த மினுக்கைப் பிடித்து எண்ணுவதுதான் சில்லுகளின் வேலை. இதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுக் கருவி ஓர் அறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். இவளுடையதை ஆட்டோவின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

பாறசாலைக்காரி. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், நாகர்கோவிலில் கல்லூரி, பிறகு திருவனந்தபுரத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம். பட்டம் வாங்கிய துறையிலேயே ஒப்பந்த வேலையும் கிடைத்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் அது நீளுமா அறுமா என்று காத்திருக்க வேண்டும். கணவன் ஷிபினுக்கு டெக்னோபார்க்கில் இரவு ஷிப்ட். கரமனையில் மாடி வீடு ஒன்றில் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். அவன் தூங்கி எழும்போது இவள் லாபில் இருப்பாள்.

துறைத் தலைவர் ஆனந்தகிருஷ்ணன், கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் பிறந்தவர். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. கடற்கரைக் கிணறுகளை வீடு வீடாக அளக்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் எண்ணம். அந்தக் கரையின் மணலில் தோரியம் கலந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் வழியில் வருகிற ரேடியம் கிணற்று நீரில் இறங்குகிறதா என்பதைத்தான் யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. அந்த ரேடியம் காட்டும் மினுக்கு மிக மிகச் சிறியது. அதைப் பிடிக்கவே ஷைலஜாவின் கருவி.

மார்ச் மாதம் அவள் தாழவிளைக்குப் போனாள். நெய்யாற்றின்கரையைத் தாண்டி, கடலை ஒட்டித் தென்னைகளுக்கு நடுவே கிடக்கும் சின்ன ஊர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புரளும் இடம். மூன்று கிணறுகளில் தண்ணீர் எடுத்தாள். அதில் ஒன்று சரசம்மாவின் வீட்டுக் கிணறு. அந்தக் கிணற்றைச் சுற்றி எட்டு வீடுகள் இருந்தன. எட்டுக்கும் அங்கிருந்துதான் குடிநீர்.

"குடிச்சுப் பாரு மோளே," என்று சரசம்மா செம்பை நீட்டினாள். ஐம்பதைத் தாண்டியவள், இரண்டு பசுக்கள் வைத்துப் பால் ஊற்றுகிறவள். "கடலு அந்தா கெடக்கு. ஆனாலும் இதுல உப்பு ஒரு சொட்டு காணாது. கோயிலுக்கு வாற பாதிரியாருகூட இந்த வெள்ளத்தத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பாரு."

ஷைலஜா குடித்தாள். உண்மையிலேயே இனிப்பாக இருந்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குடத்தோடு வந்தாள். சரசம்மாவுக்கு மூத்தவள், கூடப்பிறந்தவள், பெயர் எலிசாள். அவள் எதுவும் பேசவில்லை. தண்ணீர் கோரினாள், போனாள். அவள் போன பிறகு சரசம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்காளுக்க பய பிரஜின், போன கிறிஸ்துமசுக்கு முந்தின கிறிஸ்துமசுல தவறிட்டான். ரத்தத்துல கேன்சரு. ஐடிஐ படிச்சிட்டு இருந்தான். அதுக்குப் பெறவு அவ இப்படித்தான்."

தண்ணீர்க் குப்பிகள் லாபுக்கு வந்தன. ஏப்ரலில் முறை வந்தபோது லாபின் ஏ.சி. கெட்டுப்போயிருந்தது. ரிப்பேருக்கு எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மேஜையிலோ தூங்கியது. ஷைலஜா ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அளந்தாள். பிப்ரவரியில் அளந்த வடக்குக் கிராமங்களின் கிணறுகளில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. தாழவிளையின் மூன்றிலும் எண்கள் எகிறின. நடுமத்தியானம் ஓடிய சரசம்மாவின் கிணற்று நீர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. ஷைலஜா இன்னொரு குப்பி நிரப்பி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே.

ஆனந்தகிருஷ்ணன் வந்து திரையைப் பார்த்தார்.

"இது முதல் ரிசல்ட்தான். முழுசா முடியலே, தெரியும்," என்றார். "ஆனா கையில வச்சுண்டு உக்காந்திருக்கவும் முடியாது. கொழந்தைகள் குடிக்கற ஜலமாக்கும்."

அது அவர் மனசறிந்து சொன்னது. பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு, இறுதி முடிவு அல்ல என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லித்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அழுத்தம் போனைத் தாண்டிப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரின் எல்லா வாட்ஸாப் குழுக்களிலும் தாழவிளைக் கிணறு விஷக் கிணறு என்று ஓடியது. இரண்டு நாளில் உள்ளூர்ச் சானல் ஒன்று கேமராவோடு வந்து நின்றது. சரசம்மாவின் கிணற்றை நீலத் தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி, கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள்.

சுகாதார ஆய்வாளரோடு ஷைலஜாவும் அன்று அங்கே போயிருந்தாள். கூட்டம் நடுவே அவள் பேச வேண்டியிருந்தது. பேசிவிட்டுத் திரும்பும்போது எலிசாள் வழியை மறித்து நின்றாள்.

"பிள்ளே, எனக்கிட்ட உண்மையச் செல்லு. எனக்க பயலுக்கு வந்தது இந்த வெள்ளத்துனாலயா?"

ஒரு பையனுக்கு வந்த நோய்க்கும் ஒரு கிணற்றுக்கும் முடிச்சுப் போட ஷைலஜாவிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று ஒற்றைச் சொல்லில் கைகழுவுவது இரக்கமில்லாத காரியமாகத் தோன்றியது.

"இல்லன்னு செல்ல முடியாது அக்கா," என்றாள்.

எலிசாள் தலையை ஆட்டினாள். திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதன் மேலாக மீன் குழம்பும் கருவேப்பிலையும் போய்வந்துகொண்டிருந்தது அன்றோடு நின்றது.

சரசம்மாவிடம் ஷைலஜாவின் நம்பர் இருந்தது. அவள் கூப்பிட ஆரம்பித்தாள். சண்டை போடவில்லை. சின்னச் சின்னச் சந்தேகங்கள் கேட்டாள்.

"மோளே, அந்த வெள்ளத்துல துணி நனைக்கலாமா?"

"பசுவுக்குக் குடுத்தா பாலுல ஏறுமா?"

"முருங்கைக்கு விட்டேன். கீர பறிச்சுத் திங்கலாமா, வேண்டாமா?"

ஒவ்வொன்றுக்கும் ஷைலஜா படித்துப் பார்த்துப் பதில் சொன்னாள். சொல்லும்போதே தெரியும், பதில்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. பால் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பாக்கெட் பாலுக்கு மாறின. கோயிலில் சரசம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. லாரியில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர்கள் தங்கள் குடத்தை அவள் குடத்தோடு இடிக்காமல் ஒதுக்கிக்கொண்டார்கள். அவளுடைய கணவன் ஞானசிகாமணி கொத்தனாராக இருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து கால் போனவர். அந்தக் கிணற்றுக்குக் கல் கட்டியவரே அவர்தான். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

ஜூனில் மழை பிடித்தது. ஏ.சி.யும் ஒருவழியாகச் சரியானது. கருத்தரங்கு ஒன்றில் படிக்கப்போகும் கட்டுரைக்காக, சரசம்மாவின் கிணற்று நீரை ஷைலஜா மறுபடியும் கருவிக்குள் வைத்தாள். அதுதான் இருப்பதிலேயே வலுவான எண், முகப்பில் போடலாம் என்று நினைத்திருந்தாள்.

எண் வரவில்லை. வடக்குக் கிராமத்துத் தண்ணீர் போலவே சாதுவாக இருந்தது.

குப்பி மாறிவிட்டதா என்று பார்த்தாள். மாறவில்லை. திரவம் கெட்டுவிட்டதா என்று புதிதாகக் கலந்தாள். அப்போதும் அதே. ஏப்ரலில் ஏ.சி. இல்லாமல் அளந்தது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் ஏ.சி.யை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். மழைக்காலம் ஆனதால் அறை சூடாகாது என்று, சால்டரிங் மேஜையின் விளக்கைக் கொண்டுவந்து கருவியின் மேல் கவிழ்த்து வைத்தாள். குப்பியை வெளியே எடுத்துவிட்டு, ஒன்றுமே ஊற்றாத வெற்றுக் குப்பி ஒன்றை உள்ளே வைத்தாள்.

சூடு ஏற ஏற எண்கள் ஏறின. ஏப்ரலில் சரசம்மாவின் கிணறு காட்டிய இடத்தை நோக்கி, தண்ணீரே இல்லாத குப்பி ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சில்லுகளின் சங்கதி இதுதான். ஒவ்வொன்றின் முகத்திலும் ஆயிரக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒளியின் ஒரே ஒரு துகள் விழுந்தாலும் போதும், உள்ளே மின்சாரம் சரிந்து பாயும். அதை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஒளியே படாமலும், வெறும் சூட்டினால், கட்டங்கள் தாமாக வெடிக்கும். அதோடு, வெடிக்கிற கட்டம் தானும் துளி ஒளியைக் கக்கும். அது பக்கத்துக் கட்டத்தில் பட்டால் அதுவும் வெடிக்கும். வராத ஒளிக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு விழும். க்ராஸ்டாக் என்று இதற்குப் பெயர். இது ஷைலஜாவுக்குப் பாலபாடம். அதனால்தான் எதிரெதிராக இரண்டு சில்லு வைத்தாள். ஒரு சில்லுக்குள் என்ன கூத்து நடந்தாலும் சரி, இரண்டும் ஒரே கணத்தில் பார்த்தால் மட்டுமே கணக்கில் சேரும்.

அவள் நினைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கட்டம் கக்கும் ஒளி பக்கத்துக் கட்டத்தோடு நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சில்லின் முகக் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்து, குப்பியைக் கடந்து, எதிரே இருக்கும் சில்லில் போய் விழலாம். அப்போது இரண்டும் ஒரே கணத்தில் பார்த்ததாகத்தான் கணக்கு சேரும்.

கறுப்பு அட்டை ஒன்றை வெட்டினாள். கருவியைத் திறந்து, இரண்டு சில்லுக்கும் நடுவே அதைச் செருகி மூடினாள். எண்கள் அப்படியே அடங்கின. அட்டையை எடுத்தாள், ஏறின. வைத்தாள், அடங்கின.

பிப்ரவரியில் ஏ.சி. குளிரில் வெற்றுக் குப்பியை அளந்து, அதைக் கழிக்க வேண்டிய கணக்காக வைத்துக்கொண்டாள். ஏப்ரல் வெக்கையில் தாழவிளையை அளந்தாள். அந்த வெக்கையில் வெற்றுக் குப்பியை ஒருதரம் ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் ஓட்டவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. விளக்கின் சூட்டில் பெயின்ட் லேசாகக் கருகி நாறியது. விளக்கை அணைக்காமலே போய் ஆனந்தகிருஷ்ணனை அழைத்தாள்.

ஆனந்தகிருஷ்ணன் வந்து பார்த்தார். அவரே அட்டையை எடுத்து, வைத்து, எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முப்பது வருஷமா பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்," என்றார். "சாம்பிள் எந்தச் சூட்டுல ஓடறதோ, வெத்துக் குப்பியும் அந்தச் சூட்டுல ஓடணும்னு. நான் கேட்டிருக்கணும் உன்னை. கேக்கலே."

"நான் செஞ்சிருக்கணும் சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்த ஜலத்தை வெளியில வேற லாபுக்கு அனுப்பு. அவா அளந்து சொல்லட்டும். அப்பறம் பஞ்சாயத்துக்கு எழுதலாம்," என்றார்.

"அது வர மழையே முடிஞ்சிரும் சார். அங்க அந்த அக்காவை ஊரே ஒதுக்கி வச்சிருக்கு. இன்னைக்கே சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவே? முதல்ல விஷம்னோம். இப்போ இல்லேம்போம். நாளைக்கு அவா அளந்துட்டு ஜாஸ்தின்னா? மறுபடியும் விஷம்னு சொல்லவா? ஒருதடவை அவசரப்பட்டாச்சு, கேட்டயோ. இன்னொரு தடவை வேண்டாம்."

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் ஷைலஜாவால் அதை எதிர்க்கவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. ஷிபினிடம் சொன்னாள். "ரிசல்ட் பேப்பர்ல ஒப்பு வச்சது நீதானே. சார் சொல்றபடி செய். இல்லன்னா மார்ச்சுல உனக்கு வேல இருக்காது," என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை.

ஒரு வாரம் கழித்துச் சரசம்மா கூப்பிட்டாள்.

"மோளே, களியக்காவிளையில இருந்து மாட்டுத் தரகன் வந்து நிக்கியான். ரெண்டையும் குடுத்திரலாம்னு பாக்கேன். பாலு வாங்க ஆளில்ல."

"விக்க வேண்டாம் அக்கா. கொஞ்சம் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்கணும்? வெள்ளம் நல்லதா ஆவுமா?"

ஷைலஜாவுக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. "நாங்க இன்னொருதரம் பாத்துட்டு இருக்கோம்," என்றாள்.

"நீங்க பாத்தது போதும் மோளே," என்று சரசம்மா போனை வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை. அன்று மத்தியானமே பசுக்கள் போய்விட்டன. இது ஷைலஜாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளி லாபின் முடிவு ஓணம் கழிந்து வந்தது. மூன்று கிணறுகளும் சுத்தம். அன்றே ஆனந்தகிருஷ்ணன் கடிதம் எழுதி, அதைத் தபாலில் அனுப்பாமல் பையில் போட்டுக்கொண்டார். "நானும் வரேன்," என்றார். பஞ்சாயத்து அலுவலகத்தில், வந்திருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று, பிழை எங்களுடையது, கிணற்றில் எந்தக் குறையும் இல்லை என்று மலையாளத்தில் தெளிவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், இதை அமுக்குவதற்குக் கரையில் தோரிய மணல் அள்ளும் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஆனந்தகிருஷ்ணனுக்கு முகம் செத்துப்போனது. சானல்காரர்கள் வரவில்லை.

அவரை அங்கே விட்டுவிட்டு ஷைலஜா சரசம்மாவின் வீட்டுக்கு நடந்தாள். தொழுவம் கழுவிக் காய்ந்து கிடந்தது. சரசம்மா வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள். அதில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் அவள் சேலை முழுக்கத் தெறித்தது. உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஞானசிகாமணியின் குரல் வந்தது. "மெசினுக்குத்தான் கேடுன்னா, அந்த மெசினுக்க மேல செவப்புப் பெயின்டு அடிச்சினுமா?"

ஷைலஜா குரல் வந்த பக்கம் திரும்பினாள். அப்போதுதான் இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் எலிசாள் நிற்பதைக் கண்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்பம் எனக்க பய எதுனால செத்தான்?" என்று எலிசாள் கேட்டாள்.

"தெரியல அக்கா."

"அண்ணைக்குத் தெரிஞ்சுதே."

ஷைலஜா சுவரருகே போனாள். "அண்ணைக்கும் தெரியாது அக்கா. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். நான் அப்படிச் சொன்னது தப்பு. இந்த வெள்ளத்துனால இல்ல. அது மட்டும் இப்பம் உறுதியாச் சொல்லலாம்."

"இத்தன மாசமும் நான் ஒறங்கல்ல, கேட்டியா?" எலிசாளின் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "அவன் கெடையில கெடக்கும்போ கஞ்சி எறங்காது. வெள்ளம்தான் கேப்பான். இஞ்சயிருந்து கோரிக் கோரிக் குடுத்தேன். எனக்க கையால வெசத்தக் குடுத்தேன்னு கெடந்து நீறினேன். கூடப்பெறந்தவளுக்க மொகத்துல முழிக்கப்பிடாதுன்னு இருந்தேன். நீ இப்பம் வந்து ஒண்ணும் இல்லங்கிய. எத நான் நம்ப?"

சரசம்மா கிணற்றடியிலிருந்து, "அக்கா," என்றாள். அத்தனை மாதத்தில் அவர்களுக்குள் முதல் சொல் அது. எலிசாள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

திரும்பி வரும் வழியில், பாலராமபுரத்தில் கார் நெரிசலில் நின்றபோது ஆனந்தகிருஷ்ணன், "நம்பாட்டாலும் பரவாயில்லே. காசு வாங்கிண்டேன்னு கேட்டானே," என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம் துறையின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பதாகச் சொல்லி ஷைலஜாவை அழைத்தார்கள். எலிசாள். கையில் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சாமான்கள் நிறைந்த துணிப்பை. கிறிஸ்துமசுக்கு ஜவுளியும் மைதாவும் வாங்க வந்தவள், விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

"எனக்கு அந்த மெசினக் காட்டு," என்றாள்.

லாபுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது கருவிக்குள் இரண்டு சில்லுகளின் முகத்திலும் அந்தக் கள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டிகள் பொருத்தியாகிவிட்டது. ஷைலஜா அவற்றைக் கழற்றினாள். ஏ.சி.யை நிறுத்தி விளக்கைக் கவிழ்த்தாள். வெற்றுக் குப்பியை எலிசாளின் கையில் கொடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். அதை அவளையே உள்ளே வைக்கச் சொன்னாள்.

சூடு ஏறும்வரை காத்திருந்தார்கள். ஷைலஜா டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். எலிசாள் வேண்டாம் என்றாள். பிறகு தானாகவே பேசினாள்.

"பிரஜின் இருந்தா இதக் கழத்திப் பாக்காம அடங்கியிருக்க மாட்டான். வீட்டுல ஒரு ரேடியோ மிச்சம் வச்சதில்ல. படிக்கப் போனது எலக்ட்ரானிக்ஸ்தான். பாதி நாளும் கிளாசுக்குப் போவாம எங்கயாவது மொபைல் கடையில இருப்பான். அவனுக்க அப்பா அடிப்பாரு. நான் கள்ளம் செல்லிக் காப்பாத்துவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவனப் பத்தி யாரும் எனக்கிட்ட கேக்கியதில்ல. சீக்கப் பத்தித்தான் கேப்பினும்."

திரையில் எண்கள் ஏறத் தொடங்கியிருந்தன. ஷைலஜா காட்டினாள்.

"உள்ள ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல அக்கா. சூட்டுல இது தானாத் துள்ளும். துள்ளும்போ ஒரு வெளிச்சம் வரும். அத எதுத்த பக்கம் பாத்துரும். ரெண்டும் பாத்துச்சுன்னு இங்க எழுதிரும்."

கறுப்பு அட்டையை அவளிடமே கொடுத்தாள். எலிசாள் அதைச் செருகினாள். எண்கள் விழுந்தன. எடுத்தாள். வைத்தாள். எத்தனை தரம் அப்படிச் செய்தாளோ. ஷைலஜா அவசரப்படுத்தவில்லை. எலிசாளின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கடைசியில் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, சேலை முந்தானையால் விரல்களைத் துடைத்தாள்.

"இது தப்புன்னு யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"ஆரும் செல்லாமலா?"

"யாரும் செல்லல."

"ஓ," என்றாள் எலிசாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, "செல்லாம இருந்திருக்கலாம் நீ," என்றாள்.

அது பாராட்டா, குறையா, எதுவுமில்லாத ஒரு வாசகமா என்று ஷைலஜாவுக்கு இன்றுவரை தெரியாது. கிழக்கேகோட்டை வரை கூடப் போய் அவளை பஸ் ஏற்றிவிட்டாள். சீட்டில் உட்கார்ந்த எலிசாள் பையிலிருந்து புதுச் சட்டைத் துணியை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச்சில் ஷைலஜாவின் ஒப்பந்தம் நீண்டது. எதிரெதிர் சில்லுகளில் இந்தப் பிழை எப்படி நுழைகிறது என்று அவள் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வெளியூர்களிலிருந்து நன்றி சொல்லி எழுதினார்கள். ஆனந்தகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் எல்லோரும் அவருடைய கடற்கரைக் கிணற்று ஆய்வைப் புகழ்ந்தபோது, அவர் தலை நிமிரவே இல்லை.

தாழவிளைக்குக் குழாய் இணைப்பு வந்துவிட்டது. லாரித் தண்ணீருக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து அரசாங்கம் அவசரமாகக் கொடுத்தது. எட்டு வீடுகளில் ஆறு இப்போது குழாய்த் தண்ணீர்தான் குடிக்கின்றன. கிணறு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அங்கிருந்து யாரும் கோர வருவதில்லை. சுவரில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை ஞானசிகாமணி சுரண்டிப் பார்த்தார். முழுசாகப் போகவில்லை. சரசம்மா ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கிறாள். அது வளர்ந்து கறக்க ரொம்ப நாள் ஆகும். அக்காளும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், தேவைக்கு மட்டும். எலிசாள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்று ஷைலஜா சரசம்மாவிடம் ஒருமுறை கேட்டாள். "நான் அதக் கேக்கியதில்ல மோளே," என்றாள் அவள்.

போன மாதம் பாறசாலை வீட்டுக்குப் போயிருந்தபோது ஷைலஜாவின் அம்மா, "நம்ம கெணத்துத் தண்ணியையும் ஒரு குப்பியில கொண்டுபோய்ப் பாரேன். ஊருக்கெல்லாம் பாக்குற," என்றாள்.

"அடுத்த தடவ வரும்போ கொண்டுபோறேன் அம்மா," என்றாள் ஷைலஜா.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டு வந்துவிட்டாள். குப்பி எடுத்துப் போகவில்லை.